முறுக்கு இல்லாத படகு

படகுப் பிரயாணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நீல வானத்தையும், நீரில் விழுந்த தென்னை நிழலையும், சிறகு விரித்துப் பறக்கும் நாரைகளையும் பற்றி எழுதுவது வழக்கம். நான் எழுதப் போவது பக்ஷண டப்பாக்களைப் பற்றி. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகில் ஏறினால், ஏறிய பத்தாவது நிமிஷத்தில் யாராவது ஒருவர், "என்ன கொண்டு வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்காமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. வானத்தைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரசாயனம் போதிக்கும் உபாத்தியாயன். 2022-ம் வருஷம் டிசம்பர் மாதம், அரைப் பரீட்சை விடைத்தாள் கட்டுகளை ஒரு வழியாகத் திருத்தி முடித்த சந்தோஷத்தில், எங்கள் பள்ளி ஆசிரியர்கள் நாலு பேர் குடும்பத்தோடு ஆலப்புழைக்குப் போய் ஒரு பகல் முழுவதும் படகில் கழிப்பதென்று தீர்மானித்தோம். பெரியவர்களும் குழந்தைகளுமாக மொத்தம் 22 பேர். மத்தியானச் சாப்பாடு படகுக்காரர்கள் பொறுப்பு. காலையிலும் மாலையிலும் கொறிப்பதற்கு வேண்டியதை அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வருவதென்று ஏற்பாடு.

அவரவர் வீட்டிலிருந்து என்றுதான் பேச்சு. ஆனால், "உங்கள் வீட்டுக் கைமுறுக்கு வந்துவிட்டால் எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம்" என்று ஒருவர் சொல்ல, மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள். நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? பெருமையோடு சிரித்துக்கொண்டு, "அதற்கென்ன, பேஷாகக் கொண்டு வருகிறேன்" என்றேன். கொண்டு வருவது நான். சுடுவது நான் அல்லவே!

கைமுறுக்கு என்பது சாமானியமான காரியம் அன்று. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, உளுந்து மாவும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, விரல் நுனியால் முறுக்கி முறுக்கி வட்டமாகச் சுற்ற வேண்டும். மூன்று சுற்று, ஐந்து சுற்று, ஏழு சுற்று என்று அதற்குக் கணக்கு உண்டு. என் மனைவி ஏழு சுற்றுச் சுற்றுவாள். அது போதாதென்று முந்திரிக்கொத்து வேறு. எங்கள் பக்கத்தைச் சேராத நேயர்களுக்கு ஒரு வார்த்தை: முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது. பச்சைப்பயற்றை வறுத்துத் திரித்து, வெல்லப்பாகில் பிசைந்து உருட்டி, மும்மூன்றாக அரிசிமாவில் தோய்த்து எண்ணெயில் போட்டு எடுப்பது. தின்பதற்கு அரை நிமிஷம் ஆகும். செய்வதற்கு அரைநாள் ஆகும்.

மூன்று நாள் எங்கள் சமையற்கட்டில் எண்ணெய்ச் சட்டி இறங்கவே இல்லை. புறப்படுவதற்கு முதல்நாள் அவள் படுக்கும்போது இரவு மணி ஒன்று. எழுந்தபோது மூன்று. விடியற்கால ரயிலில் ஆலப்புழைக்குப் போய்ச் சேர்ந்து, படகில் ஏறினோம்.

கெட்டுவள்ளம் என்று மலையாளத்தில் சொல்கிறார்கள். அயினி மரப் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் இழுத்துக் கட்டிய பெரிய வள்ளம். ஒரு காலத்தில் நெல்லும் அரிசியும் ஏற்றிப் போனது. சாலையும் லாரியும் வந்த பிறகு அதற்குப் பிழைப்புப் போய்விட்டது. 1990-களில் அதன்மேல் மூங்கிலாலும் பாயாலும் கூரை போட்டு, கட்டிலும் நாற்காலியும் வைத்து, உல்லாசப் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கினார்கள். அரிசி மூட்டை இருந்த இடத்தில் இப்போது நாம் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறோம்.

அன்று தின்றோம், தின்றோம், அப்படித் தின்றோம். என் மனைவி டப்பாவும் கையுமாக ஆளுக்கு ஆள் பரிமாறினாள். குழந்தைகள் சிந்தியதைப் பெருக்கினாள். எண்ணெய்ப் பலகாரம் ஆயிற்றா, எல்லோருக்கும் தாகம். தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். சாப்பாடு முடிந்ததும் படகின் பின்பக்கத்தில் பாயை விரித்து, காலி டப்பாவில் தலையைச் சாய்த்தாள். அவ்வளவுதான், தூங்கிப் போனாள்.

படகு வேம்பநாட்டு ஏரியை விட்டுக் குட்டநாட்டுக் கால்வாய்களுக்குள் திரும்பியது அதன் பிறகுதான். அங்கே ஒரு காட்சி உண்டு. கால்வாயின் இருபுறமும் வரப்பு. வரப்புக்கு அப்பால் வயல். ஆனால் வயல் நமக்குச் சமமாக இல்லை, கீழே கிடக்கிறது! நாம் ஜலத்தின் மேல் மிதந்துகொண்டு, பள்ளத்தில் இருக்கும் இளம்பயிரைக் குனிந்து பார்க்கிறோம். ஏரியின் விளிம்பில் வரப்புக் கட்டி, உள்ளே இருந்த நீரை இறைத்து வெளியேற்றி உண்டாக்கிய நிலம் அது. சில இடங்களில் கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013-ல் இந்தச் சாகுபடி முறையை உலகப் பாரம்பரிய விவசாய முறைகளில் ஒன்றாகச் சேர்த்தது. நாங்கள் எல்லோரும் ஒரு பக்கமாக ஓடி வந்து நின்று பார்த்தோம். "அம்மாவை எழுப்பட்டுமா?" என்று என் மகள் கேட்டாள். "பாவம், மூன்று நாளாக உழைத்திருக்கிறாள், தூங்கட்டும்" என்றேன் நான், மிகவும் தயாள சிந்தையோடு.

திரும்பும் ரயிலில் என் மகள் தன் தாயாரிடம் அந்த வயலைப் பற்றிச் சொன்னாள்.

"தண்ணீருக்குக் கீழே வயலா?" என்றாள் அவள். நம்பவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஆமென்று தலையசைத்தேன்.

என் மனைவி நாஞ்சில் நாட்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். நாற்றங்காலிலும் வாய்க்கால் கரையிலும் வளர்ந்தவள். என் மாமனார் எழுபத்தாறு வயதிலும் தினம் காலையில் வயலைப் பார்க்காமல் காப்பி சாப்பிடுவதில்லை. எங்கே போனாலும் அந்த ஊரில் என்ன நெல் போட்டிருக்கிறார்கள், மடை எந்தப் பக்கம் என்று பார்ப்பது இவளுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். எங்கள் 22 பேரில் அந்த வயலைப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

"என்னை எழுப்பியிருக்கலாமே, என்னங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குமேல் ஒன்றும் சொல்லவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு அன்றிரவு கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

அடுத்த வருஷம் போகலாம் என்று இருந்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழை எல்லோரும் அறிந்ததே. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் உறவினர் வீடுகளில் வெள்ளம் புகுந்து கிடக்கும்போது படகில் ஏறி உல்லாசமாகப் போக யாருக்கும் மனம் வரவில்லை. 2024 டிசம்பரில்தான் மறுபடி ஏற்பாடு ஆயிற்று. அப்போது நான் வீட்டில் ஒரு பிரகடனம் செய்தேன்: "இந்தத் தடவை பக்ஷணம் என் பொறுப்பு. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாது. முதல்நாள் சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் எது முடியுமோ அதுதான்."

என் மனைவி ஒன்றும் சொல்லாமல் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சொன்னது என் அக்காள். அடுத்த தெருவிலிருந்து செய்தி கேட்டு உடனே வந்துவிட்டாள்.

"தம்பி, நாலு குடும்பம் கூடுகிற இடத்தில் பொரியையும் கடலையையும் கொண்டு போய் நீட்டுவாயா? உன்னை யார் குறை சொல்லப் போகிறார்கள்? 'அவள் சோம்பேறி' என்றுதான் சொல்வார்கள்."

அக்காள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முறுக்கு நன்றாயிருந்தால் 'உங்கள் வீட்டு முறுக்கு' என்று என்னிடம் சொல்கிறார்கள். முறுக்கு வராவிட்டால் குற்றம் மட்டும் அவளைப் போய்ச் சேருகிறது. இது என்ன கணக்கோ, கணக்கு வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் நான் பின்வாங்கவில்லை.

படகுக்கு ஏற்ற தின்பண்டம் எது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு கையால் எடுத்துத் தின்னக்கூடியதாக இருக்க வேண்டும். இன்னொரு கை பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதிகத் தாகம் எடுக்கக்கூடாது. முக்கியமாக, ஒருவர் எழுந்து நின்று பரிமாறிக்கொண்டே இருக்கும்படி இருக்கக்கூடாது. நடுவில் பாத்திரத்தை வைத்தால் அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுண்டல் வைத்தேன். ஒரு கிலோ கொண்டைக்கடலையைக் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் ஊறப்போட்டேன். சாயங்காலம் உப்புப் போட்டு வேகவைத்து, நீரை வடித்து, கடுகும் மிளகாய் வற்றலும் கறிவேப்பிலையும் தாளித்தேன். இங்கே இரண்டு எச்சரிக்கை. தேங்காயை அப்போதே சேர்த்துவிடக் கூடாது. பிரயாணத்தில் முதலில் கெடுவது அதுதான். சூடாக டப்பாவில் அடைக்கவும் கூடாது. ஆவி மூடியில் தட்டி, நீராகச் சொட்டி, சுண்டல் புளித்துப்போகும். பெரிய தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவைத்து, இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் வைத்து, விடியற்காலையில் எடுத்துக்கொண்டேன். மாங்காயையும் தேங்காயையும் முழுசாக எடுத்துப் போய்ப் படகில் நறுக்கிக் கலந்தேன். படகேறிய உடனே தின்று தீர்த்துவிட வேண்டிய பண்டம் இது. சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்படக் கூடாது.

மாலைக்கு அவல். சன்னமான சிவப்பு அவல் ஒரு கிலோ, மூன்று தேங்காய், முக்கால் கிலோ கருப்பட்டி, நாலைந்து ஏலக்காய். அடுப்பே வேண்டாம். கருப்பட்டியை மட்டும் வீட்டிலேயே தட்டிப் பொடித்துத் தனி டப்பாவில் வைத்துக்கொண்டேன். பொரி இரண்டு படி. வறுத்த வேர்க்கடலை. ஒரு தூக்கு நிறைய மோர், இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டது. தின்பதற்குத் தொன்னைகள். இவ்வளவும் சேர்த்து எனக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தேன். இரண்டே கால் மணி ஆயிற்று. அதில் அரை மணி கடுகு டப்பாவைத் தேடியது. என் மனைவி ஒன்பதரை மணிக்கு, பல வருஷங்களுக்குப் பிறகு, பிரயாணத்துக்கு முதல்நாள் இரவு நிம்மதியாகப் படுத்துத் தூங்கினாள். அல்லது, தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு சமையற்கட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

படகில் ஏறினோம். வழக்கமான கேள்வி வந்தது. டப்பாக்களைத் திறந்து காட்டினேன். ஒரு நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "கைமுறுக்கு இல்லையா?" என்றார். வெகுளி மனிதர். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. ஆனால் என் மனைவியின் முகம் ஒரு கணம் சுருங்கிப் போயிற்று. இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்த நான், அந்த நாலு குடும்பங்களுக்கு நடுவே அவளுக்கென்று இருந்த ஒரு பெயரையும் சேர்த்து எடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளைக் கேட்காமலேதானே பிரகடனம் செய்தேன்?

"இந்த வருஷம் சமையல் இவர்" என்றாள் அவள், சிரித்துக்கொண்டு. அப்புறம் போய்ப் படகின் முன்பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சுண்டல் தப்பித்தது, மாங்காய் நல்ல புளிப்பு. அடுத்தது பொரி. குழந்தைகள் கேட்கிறார்களே என்று ரயிலிலேயே டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டு, மூடியைச் சரியாக அழுத்தாமல் வைத்திருக்கிறேன். கிழக்கு வெளுக்கும் நேரத்து ஈரக்காற்று, பிறகு காயல் காற்று. படகில் எடுத்து வாயில் போட்டால், பஞ்சு! காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள்களைப் பற்றிப் பதினெட்டு வருஷமாக வகுப்பில் பாடம் சொல்கிறவன் நான். மாணவர்கள் யாரும் உடன் வரவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

என்ன செய்வதென்று தெரியாமல் பொரி டப்பாவோடு முழித்துக்கொண்டு நின்றேன். முன்பக்கத்திலிருந்து, தலையைத் திருப்பாமலே, குரல் வந்தது: "வெறுஞ்சட்டியில் போட்டு இரண்டு நிமிஷம் கிளறச் சொல்லுங்கள்."

சொன்னாளே தவிர எழுந்து வரவில்லை. அதைக் கவனித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! படகின் பின்பக்கத்தில் சமையல்காரர் வைத்திருந்த அடுப்பில், எண்ணெய் விடாமல் சிறு தீயில் பொரியைப் புரட்டினோம். உறிஞ்சிய ஈரமெல்லாம் போய்ப் பழையபடி மொறுமொறுவென்று ஆகிவிட்டது. உடனே வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக அரிந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுக் கலந்தோம். கலந்த ஐந்து நிமிஷத்துக்குள் தின்றுவிட வேண்டும். அந்தக் கவலை வீண். மூன்றாவது நிமிஷத்தில் பாத்திரம் காலி.

வேர்க்கடலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொலியோடு கொண்டு போகாதீர்கள். ஒரு பையன் தொலியை நீரில் எறிந்தான். படகோட்டி அவனைப் பார்த்த பார்வையில் நாங்கள் எல்லோரும் கையைச் சுருக்கிக்கொண்டோம். அந்த நீரிலேதான் அவர்கள் ஊரார் குளிப்பதும் பாத்திரம் துலக்குவதும். தொன்னைகளையெல்லாம் எண்ணி ஒரு சாக்கில் போட்டுக் கட்டினேன்.

மூன்று மணிக்கு மேல் படகு கால்வாய்க்குள் திரும்பிற்று. நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரப்பு வந்தது, வரப்புக்கு அப்பால், கீழே, பச்சைப் பயிர். அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். ஒன்றும் பேசவில்லை. கொஞ்சநேரம் கழித்துப் படகோட்டியிடம், "மெதுவாகப் போங்கள்" என்றாள். பிறகு ஆரம்பித்தன கேள்விகள். மழை பெய்தால் உள்ளே தேங்கும் தண்ணீரை எப்படி வெளியேற்றுவார்கள்? வரப்பு ஓரத்தில் ஒரு கொட்டகையைக் காட்டி, 'பெட்டியும் பறையும்' என்றார் படகோட்டி. மரத்தாலான பறை போன்ற உருளைக்குள் விசிறி சுழன்று, வயல் நீரை மேலே இழுத்து, பெட்டி வழியாகக் கால்வாயில் கொட்டும் யந்திரம். மின்சார மோட்டாரில் ஓடுகிறது. கடல் பக்கத்தில் இருக்கிறதே, உப்பு ஏறாதா? கோடையில் உப்பு நீர் உள்ளே வராமல் அடைப்பதற்காகத் தண்ணீர்முக்கத்தில் ஏரிக்குக் குறுக்கே 1970-களில் கட்டி முடித்த கதவணை இருக்கிறதாம். வரப்பு உடைந்தால்? "உடைந்தால் போயிற்று, சேச்சி" என்று அவர் கையை விரித்தார். அவளுக்கு அது நன்றாகப் புரிந்தது. எங்களுக்கு அவ்வளவு புரியவில்லை.

அந்தச் சமயத்தில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முதல் மூடியில் பாதி சிரட்டையும் சேர்ந்து வந்துவிட்டது. சமையல்காரர் பொறுக்க மாட்டாமல் துருவியை வாங்கிக்கொண்டார். துருவலையும் கருப்பட்டிப் பொடியையும் ஏலக்காயையும் முதலில் கையால் அழுத்திப் பிசைய வேண்டும், தேங்காய்ப்பால் கசிந்து கருப்பட்டி இளகிய பிறகு அவலைச் சேர்க்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்ததும் அவரே. மூடி வைத்து இருபது நிமிஷத்தில் அவல் பக்குவமாக நனைந்துவிட்டது. அவர் தம் பங்குக்குப் 'பாளையங்கோடன்' பழத்தை நறுக்கிப் போட்டார். பெயரைக் கேட்டதும் திருநெல்வேலிக்காரரான நண்பர் ஒருவர் பாளையங்கோட்டை தமக்கே சொந்தம் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் ஊர்ப் பூவன் பழம்தான் அது.

ஒரு தொன்னையில் அவலை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். அவள் தொலைபேசியில் தன் தகப்பனாரோடு பேசிக்கொண்டிருந்தாள். "இல்லை அப்பா, கீழே! நான் மேலே நிற்கிறேன், வயல் கீழே கிடக்கிறது… ஆமாம், இறைத்துக் கொட்டுகிறார்கள்… அதைத்தான் நானும் கேட்டேன்." நான் நீட்டிய தொன்னையை வாங்கிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமலே ஒரு வாய் போட்டாள். "கருப்பட்டி கொஞ்சம் தூக்கல்" என்று கையால் ஜாடை காட்டினாள். மறுபடி வயல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்தரை மணிக்குக் கரை சேர்ந்தோம். ரயிலில் எல்லோரும் தூங்கிவிட்ட பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த வருஷம் கொஞ்சம் முறுக்கும் எடுத்துப் போகலாம். நிறைய வேண்டாம், ஆளுக்கு ஒன்று."

"நீ மறுபடியும் மூன்று நாள்…" என்று ஆரம்பித்தேன்.

"மாவு நான் பிசைகிறேன். சுற்றுவது நீங்கள்."

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு பிடி மாவோடு எனக்குப் பயிற்சி நடந்து வருகிறது. இப்போது மூன்று சுற்று வரைக்கும் சுமாராக வருகிறது. நாலாவது சுற்றில் அறுந்துபோகிறது.